முன்பிடியை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பேசலாம்

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில் ப்ளேனோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் கடையில் முறைப்படி ஃபார்ம் நிரப்பி, செக் எல்லாம் முடிந்து, ஒரு கிளாக் 17 வாங்கினேன். எனக்கு வலது மணிக்கட்டில் பழைய வலி ஒன்று உண்டு. பத்து ரவுண்டு சுட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதனால் குழலுக்குக் கீழே இருக்கிற ரெயிலில் மாட்டும் செங்குத்தான முன்பிடி ஒன்றை ஆன்லைனில் 20 டாலருக்கு வாங்கி மாட்டினேன். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் நன்றாகக் குறைகிறது. போன ஞாயிறு ரேஞ்சுக்குப் போனபோது (என் மச்சினனும் கூட வந்தான், எச்-1பியில் வந்து ஆறு மாதம்தான், அவனும் இரண்டு மேகசின் சுட்டுப் பார்த்தான்) பக்கத்து லேனில் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, உடனே கழற்று, இது ஃபெடரல் குற்றம் என்றார். நண்பர்களைக் கேட்டால், டெக்சாஸில் இதெல்லாம் ஒன்றுமில்லை, பிரேஸ் சட்டத்தையே கோர்ட் தூக்கிப் போட்டுவிட்டது, அந்த 200 டாலர் வரியும் இப்போது கிடையாது என்கிறார்கள். யார் சொல்வது சரி? கழற்றிவிட்டால் போதுமா?

பதில்: பெரியவர் சொன்னதுதான் சரி. இதைப் படிக்கும்போது அந்தப் பிடி இன்னும் துப்பாக்கியில் இருந்தால், மேகசினை உருவி, சேம்பர் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

கழற்றியாச்சா? சரி.

இருபது டாலர் பிளாஸ்டிக் துண்டு எப்படி ஃபெடரல் குற்றமாகும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தத் துண்டில் குற்றம் ஒன்றுமில்லை. கடையில் விற்கலாம், நீங்கள் வாங்கலாம், பத்து வாங்கி மேசையில் அடுக்கியும் வைக்கலாம். அது எதில் மாட்டப்படுகிறது என்பதில்தான் விஷயம். ஃபெடரல் விதிகளில் பிஸ்டல் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. ஒரு கையால் பிடித்துச் சுடுவதற்கென்றே முதலில் வடிவமைக்கப்பட்டது, குழலின் கோட்டுக்குக் கீழே சாய்வாக இறங்கும் ஒரு கைப்பிடி உள்ளது என்று அது போகும். நீங்கள் முன்பக்கம் இரண்டாவது பிடி ஒன்றை நட்டுவிட்டால் அது ஒரு கைக்கான வடிவம் இல்லை, பிஸ்டல் என்ற வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது என்பது ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) பல வருடங்களாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை. பிஸ்டல் இல்லை என்றால் வேறு என்ன? 1934ஆம் வருடத்து தேசிய துப்பாக்கிச் சட்டத்தில் "எனி அதர் வெப்பன்" என்று ஒரு பிரிவு உண்டு. எந்தப் பெட்டியிலும் அடங்காத, உடம்பில் மறைத்துக்கொண்டு போகக்கூடிய ஆயுதங்களுக்கான பெட்டி அது. கைத்தடிக்குள் துப்பாக்கி, பேனாவுக்குள் துப்பாக்கி போன்ற விநோதங்கள் கிடக்கும் இடம். உங்கள் கிளாக் இப்போது அந்தப் பேனாத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கையால் பிடித்துச் சுடுவது குற்றமே இல்லை. போலீஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சுடுகிறார்கள். சட்டம் உங்கள் கைகளை எண்ணுவதில்லை, துப்பாக்கியின் அமைப்பைப் பார்க்கிறது. ரெயிலில் டார்ச் மாட்டலாம், லேசர் மாட்டலாம். இரண்டாவது கை பற்றிக்கொள்வதற்கென்று ஒரு தண்டை மாட்டினால்தான் வம்பு.

அந்தப் பிரிவில் வரும் ஆயுதத்தை வைத்திருக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஏடிஎஃப்புக்கு ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம் போட்டு, இரண்டு கைரேகை அட்டைகளும் போட்டோவும் இணைத்து, உள்ளூர் போலீஸ் தலைமைக்கு ஒரு பிரதி அனுப்பி, அப்ரூவல் கையில் வந்த பிறகுதான் பிடியை மாட்டலாம். மாட்டிவிட்டு விண்ணப்பிப்பது என்ற வரிசையே சட்டத்தில் கிடையாது. கைச்சாவியால் ஸ்க்ரூவை இறுக்கும் அந்த அரை நிமிடத்துக்குச் சட்டத்தின் பெயர் "தயாரித்தல்". அனுமதி இல்லாமல் தயாரித்ததற்கும் பதிவு இல்லாமல் வைத்திருந்ததற்கும் அதிகபட்சத் தண்டனை 10 வருடம் சிறை.

இப்போது உங்கள் நண்பர்களின் வாதங்கள்.

டெக்சாஸில் ஒன்றுமில்லை என்பது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாநிலச் சட்டமே இல்லை. ஃபெடரல் வழக்கு டாலஸிலும் நடக்கும், ப்ளேனோ ஆட்களுக்கான ஷெர்மன் கோர்ட்டிலும் நடக்கும். கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ இருந்திருந்தால் இன்னும் மோசம். அங்கே பாதி தானியங்கிப் பிஸ்டலில் இரண்டாவது கைப்பிடி இருந்தால் அசால்ட் வெப்பன் கணக்கில் சேரும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. வேலை மாறி சான் ஹோசே போகிறவர்கள் பெட்டி கட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

பிரேஸ் சட்டம் ரத்தானது என்பது. ரத்தானது உண்மைதான். 2023 ஜனவரியில் ஏடிஎஃப் கொண்டுவந்த பிஸ்டல் பிரேஸ் விதியை 2024 ஜூனில் ஃபோர்ட் வொர்த்தில் உட்கார்ந்திருந்த ஃபெடரல் நீதிபதி முழுவதுமாக நீக்கினார். ஆனால் அந்த விதி துப்பாக்கியின் பின்பக்கம் மாட்டி முன்கையில் கட்டிக்கொள்ளும் பிரேஸைப் பற்றியது. நீங்கள் கை வைத்தது முன்பக்கத்தில். அந்தத் தீர்ப்பு முன்பிடியைத் தொடவே இல்லை.

வரி கிடையாது என்பது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து அதிகம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன், இந்த "எனி அதர் வெப்பன்" எல்லாவற்றுக்கும் தயாரிப்பு வரி 200 டாலரிலிருந்து பூஜ்யமாக இறங்கியது. இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகையறாவுக்கும் மட்டும் 200 அப்படியே இருக்கிறது. போனது வரிதான், பதிவு போகவில்லை. ஃபார்ம், கைரேகை, காத்திருப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1934இல் அந்த 200 டாலர் போடப்பட்டதே ஆட்களை விரட்டத்தான். அன்றைக்கு ஒரு தாம்சன் சப்மெஷின் கன்னின் விலையே ஏறக்குறைய அவ்வளவு. வரியே இல்லாத போது, வரிச் சட்டமாக எழுதப்பட்ட அந்த 1934 சட்டத்தின் பெயரால் பதிவு கேட்கலாமா என்று இப்போது வழக்குகள் நடக்கின்றன. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடும் செலவை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கோர்ட்டில் இதை எதிர்த்து ஜெயித்தவர்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். வரையறையில் "முதலில் வடிவமைக்கப்பட்ட" என்றுதானே இருக்கிறது, நான் வாங்கும்போது அது ஒரு கைப் பிஸ்டல்தானே, அப்புறம் எதை மாட்டினால் என்ன என்பது அவர்கள் வாதம். 1993இல் தென் கரோலினாவில் ஒரு ஃபெடரல் வழக்கில் இந்த வாதம் எடுபட்டது. வக்கீலாக எனக்கு அந்த வாதம் பிடிக்கும், சொல்லப்போனால் அதுதான் சரியென்றே படுகிறது. ஆனால் அது டெக்சாஸைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஏடிஎஃப் தன் நிலையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு அது சுவாரசியமான வாதம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது இரண்டு வருட வழக்கு.

26 அங்குல விதி என்று ஒன்றைச் சில பேர் சொல்வார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்தைத் தாண்டினால் அது மறைத்து எடுத்துப் போகக்கூடியது அல்ல என்று ஏடிஎஃப் எடுத்துக்கொள்கிறது. அப்போது முன்பிடி மாட்டினாலும் 1934 சட்டத்துக்குள் வராது. ஏஆர் ரைஃபிள் பாணியில் செய்த பெரிய பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் கிளாக் 17 முழுசாகவே 8 அங்குலம்; அந்தக் கதவு உங்களுக்கு மூடியே இருக்கிறது. ஆனாலும் படிக்கிறவர்களில் ஏஆர் பிஸ்டல்காரர்கள் இருப்பீர்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவர் தன்னுடையது 26 அரை அங்குலம் என்று சத்தியம் செய்தார். மேசையில் டேப்பை நீட்டினேன். குழலுக்கு இணையாக, முனையிலிருந்து பின்கோடி வரை அளக்க வேண்டும். அவர் பிரேஸை விரித்து அளந்திருந்தார்; மடக்கித்தான் அளக்க வேண்டும் என்பது ஏடிஎஃப் இப்போது சொல்லும் முறை. குழல் முனையில் திருகியிருந்த பிரேக்கையும் (உதையைக் குறைக்கும் துண்டு) சேர்த்திருந்தார். நிரந்தரமாகப் பற்றவைக்காத வரை அது கணக்கில் வராது. இரண்டையும் கழித்தால் 19 சொச்சம் வந்தது. மனிதர் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று, 26ஐத் தாண்டிய துப்பாக்கியையே போட்டிருக்கும் கோட்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனால், மறைக்க முடியாது என்ற வாதம் அங்கேயே செத்துவிடும்.

சாய்வான பிடி மாட்டலாமா என்று அடுத்த மடல் வரும் என்று தெரியும். குழலோடு ஒட்டிச் சாய்ந்து போகும் பிடிகளையும், விரல் வழுக்காமலிருக்க வைக்கும் சின்னத் தடுப்புகளையும் ஏடிஎஃப் செங்குத்துப் பிடியாகக் கருதவில்லை என்று கடிதங்கள் உண்டு. அவை குறிப்பிட்ட பொருளுக்கு, குறிப்பிட்ட ஆளுக்கு எழுதப்பட்ட பதில்கள். சாய்வுப் பிடியைத் திருப்பி மாட்டினால் அது செங்குத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் கிரீன் கார்டுக்காரர். எத்தனை டிகிரி வரை சாய்வு என்று ஜூரி முன்னால் விவாதிக்கும் நிலைமைக்குப் போகாதீர்கள்.

ஏன் கிரீன் கார்டை இழுக்கிறேன் என்றால், உங்கள் நண்பர்களில் ஒருவர்கூடச் சொல்லாதது அதுதான். அவர்களில் அமெரிக்காவில் பிறந்தவருக்கு இது சிறை, அபராதம், வக்கீல் ஃபீஸ் என்ற கணக்கோடு முடியும். உங்களுக்கு அங்கே முடியாது. பதிவில்லாத ஆயுதம் பற்றிய அந்த ஃபெடரல் பிரிவு, குடியேற்றச் சட்டத்தில் "அக்ரவேட்டட் ஃபெலனி" (கடுங்குற்றம்) பட்டியலில் எண்ணோடு எழுதியே இருக்கிறது. அதில் தண்டனை பெற்றால், ஒரு நாள் சிறைகூட விதிக்காமல் ப்ரொபேஷனில் விட்டாலும், நாடுகடத்தும் வழக்கு வரும். கிரீன் கார்டுக்காரர்கள் இமிக்ரேஷன் நீதிபதியிடம் வழக்கமாகக் கேட்கும் நிவாரணம் கேட்க முடியாது. சிட்டிசன்ஷிப் கதவு நிரந்தரமாக மூடிவிடும். பதினைந்து வருடம் இருந்தவர், வீட்டுக் கடன் கட்டுகிறவர், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள் என்பதெல்லாம் அந்த இடத்தில் எடுபடாது. கிரிமினல் வக்கீல் "ப்ரொபேஷன்தான், கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி, கட்சிக்காரரும் நிம்மதியாகப் போட்டுவிட்டு வந்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும்போது போட்ட கையெழுத்து காய்ந்து போயிருக்கும்.

சரி, கழற்றிவிட்டால் போதுமா? கழற்றியவுடன் உங்களிடம் இருப்பது பழையபடி பிஸ்டல்தான். நேற்று வரை மாட்டியிருந்ததைச் சட்டம் மறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு குற்றம் எதுவும் கலக்காமல், ரேஞ்சில் ஒருவர் முன்பிடி மாட்டியிருந்தார் என்பதற்காக மட்டும் ஃபெடரல் வழக்கு வருவது சாதாரணமாக நடப்பதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிடியைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே போட்டு வைக்காதீர்கள். அதை மாட்ட உங்களிடம் ரைஃபிள் எதுவும் இல்லை என்றால், அந்த இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் எதற்கு என்ற கேள்வி தானாக வரும். ரைஃபிள் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கதையை வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாதீர்கள். ஏடிஎஃப்புக்கு மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டாம். யாராவது அதிகாரி வந்து "சும்மா பேசணும்" என்றால், வக்கீலோடு பேசுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இது வராது. காபி போட்டுக் கொடுத்து, முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் எனக்கு போன் செய்வார்கள்.

எனக்குத் தெரியாது என்பது உதவுமா என்றால், அதிகம் உதவாது. 1994இல் உச்ச நீதிமன்றம், தன் துப்பாக்கியின் எந்தத் தன்மை அதை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறதோ அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. முன்பிடி மாட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும், நீங்களே மாட்டினீர்கள். சட்டம் தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது, நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் மடலில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எச்-1பி என்பது நான்-இமிக்ரன்ட் விசா, அதாவது தற்காலிகமாகத் தங்க வருபவருக்கானது. அந்த விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகவே தடை செய்கிறது. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை, ரேஞ்சில் கையில் வாங்கி இரண்டு மேகசின் சுடுவதும்தான். முன்பிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமும் இல்லை. ஃபுளோரிடாவில் படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு ஸ்டூடன்ட் விசா தகுதியை இழந்த ரெஹைஃப் என்பவர், ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதற்காகத்தான் தண்டிக்கப்பட்டார். அவர் வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போய், தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்ற தீர்ப்போடு திரும்பியது. உங்கள் மச்சினனுக்குத் தான் எச்-1பி என்று தெரியாமல் இருக்குமா?

இதில் ஒரு வழி உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் ஏதாவது ஒரு மாநிலத்தில் வாங்கியிருந்தால் தடை விலகுகிறது. டெக்சாஸ் வனவிலங்குத் துறையில் ஆன்லைனில் வாங்கலாம், பெரிய செலவு இல்லை. மான் வேட்டைக்குப் போகவே வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டும். காலாவதியாகி இருக்கவும் கூடாது. போன ஞாயிற்றுக்கு இந்த ஞாயிறு வாங்கும் லைசென்ஸ் உதவாது. லைசென்ஸ் கைக்கு வரும்வரை, மச்சினன் உங்கள் வீட்டில் தங்கும் நாட்களில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ரேஞ்சில் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இருக்கும்; மச்சினன் அதில் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மணிக்கட்டு வலி உண்மையான பிரச்சினை, அதற்கு வழி சொல்லாமல் விட மனசில்லை. 9 எம்எம் தோட்டாவையே போட்டுச் சுடும் கார்பைன் ரைஃபிள்கள் கிடைக்கின்றன. குழல் 16 அங்குலமாவது இருந்து, மொத்த நீளம் 26க்குக் குறையாமல் இருந்தால் அது சாதாரண ரைஃபிள். தோளில் சாய்த்துக்கொள்ளலாம், முன்பிடி மாட்டினாலும் ஃபெடரல் சட்டத்தில் தடை இல்லை, நீங்கள் வாங்கிய அந்த இருபது டாலர் பிடியையே மாட்டலாம். கிளாக்கின் பின்னால் ஸ்டாக் (தோளில் சாய்க்கும் கட்டை) கட்டும் கிட்களை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது குட்டை ரைஃபிள் ஆகி இதே பள்ளத்தில் தள்ளும். கிளாக்கையே சுட வேண்டும் என்றால் ரேஞ்சில் ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் செலவு செய்யுங்கள். இடது கையை வலது கை விரல்களின் மேல் சுற்றி, இடது கட்டைவிரலை முன்னோக்கி நீட்டிப் பிடிக்கும் முறை இருக்கிறது. ஆட்டத்தில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும்.

இல்லை, எனக்கு முன்பிடியோடுதான் பிஸ்டல் வேண்டும் என்றால் ஃபார்ம் 1 உங்களுக்கும் திறந்தே இருக்கிறது. கிரீன் கார்டுக்காரர் போடலாம். அப்ரூவல் வந்ததும் உங்கள் பெயரும் ஊரும் துப்பாக்கியில் செதுக்கப்பட வேண்டும். அதைச் செய்யும் கடைகள் உண்டு. மாநில எல்லை தாண்டும்போது குட்டை ரைஃபிள்காரர்கள் ஏடிஎஃப்பிடம் முன் அனுமதி கேட்க வேண்டும், இந்த வகைக்கு அது தேவையில்லை என்பது ஒரு சின்ன வசதி. ஆனாலும் போகும் மாநிலத்தின் சட்டத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சிட்டிசன்ஷிப்புக்கு மனு போடும் நேரம் உங்களுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் வருகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதுவரை பொறுப்பேன்.

மச்சினனிடம் இந்தப் பதிலைக் காட்டலாம். ஆனால் அவரை என்னிடம் கூட்டிக்கொண்டு வராதீர்கள். துப்பாக்கியைக் கொடுத்தவர் நீங்கள், வாங்கிச் சுட்டவர் அவர். நாளைக்கு ஏதாவது என்றால் உங்களுக்கு நல்லதாக இருப்பது அவருக்கு நல்லதாக இருக்காது. இருவருக்கும் ஒரே வக்கீல் ஆகாது. அவர் தனியாக ஒருவரைப் பார்க்கட்டும், இமிக்ரேஷனும் கிரிமினலும் சேர்ந்து தெரிந்தவராக. அதுவரை அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டால், வக்கீல் சொன்னார் என்று சொல்லுங்கள்.